அம்பிராஸ் கோட்டையில் பார்க்க இன்னும் என்ன இருக்கிறது?

நீங்கள் கேட்டது இது. ஜூலையில் அம்மாவையும் பத்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு மியூனிக் போகிறீர்கள். அங்கிருந்து ஒரு நாள் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரத்துக்குப் போய் அம்பிராஸ் கோட்டையைப் பார்க்க ஆசை. ஆனால் தெரிந்தவர் ஒருவர், “நல்ல பொருளெல்லாம் எப்போதோ வியன்னாவுக்குப் போய்விட்டது, அங்கே வெறும் சுவர்தான்” என்று சொல்லிவிட்டார். போகலாமா, எவ்வளவு நேரம் வேண்டும், எதை விடக்கூடாது?

கட்டாயம் போங்கள். அந்தக் கோட்டைக்கு நான் நான்கு முறை போயிருக்கிறேன், இன்னொரு முறை வாய்த்தாலும் போவேன். உங்களுக்குச் சொன்னவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால் முதலில் அந்தப் பாதியைப் பேசிவிடுவோம்.

அம்பிராஸில் இருந்தவற்றில் பெரும் புகழ் பெற்ற பொருள்கள் பல இன்று வியன்னாவில்தான் இருக்கின்றன. செல்லினி என்ற இத்தாலியப் பொற்கொல்லர் பிரான்ஸ் மன்னருக்காக 1540 முதல் 1543 வரை செய்த தங்க உப்புக்கிண்ணம் அவற்றில் ஒன்று. கடல் தெய்வமும் நிலத் தெய்வமும் எதிரெதிரே சாய்ந்து உட்கார்ந்திருக்கும். 1570இல் பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் சார்லஸ் அதை அம்பிராஸ் பிரபுவுக்குப் பரிசாகக் கொடுத்தார். இன்று வியன்னா கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2003இல் அங்கிருந்து திருடுபோய் 2006இல் மீட்கப்பட்டதும் இதே கிண்ணம்தான். மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் செய்த பச்சை இறகு மகுடம் இன்னொன்று. 1596இல் அம்பிராஸில் எடுத்த கணக்கில் அதை ‘மூர் இனத்தாரின் தொப்பி’ என்று, ஏதோ வட ஆப்பிரிக்கப் பொருள் போல எழுதிவைத்திருக்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்பது அதற்குள் மறந்துபோயிருந்தது. அதுவும் இப்போது வியன்னாவில், உலக மக்கள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஏன் போயின? 1805 இறுதியில் நெப்போலியனிடம் தோற்ற ஆஸ்திரியா, இன்ஸ்புரூக் இருக்கும் டிரோல் பகுதியை நெப்போலியனின் கூட்டாளியான பவேரியாவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டிவந்தது. எதிரி கைக்குப் போகும் முன் 1806இல் மூட்டை கட்டி வியன்னாவுக்கு அனுப்பினார்கள். அதில் பெரும்பகுதி திரும்பி வரவேயில்லை.

சரி, அப்படியானால் ஏன் போகச் சொல்கிறேன்? அந்தப் பொருள்களை வைப்பதற்கென்றே கட்டிய கட்டடம் இங்கேதான் நிற்கிறது. அதற்குள் இன்னும் நூற்றுக்கணக்கான பொருள்கள் இருக்கின்றன, பழைய முறைப்படி அடுக்கப்பட்டு இருக்கின்றன. மறுமலர்ச்சிக் காலத்துப் பிரபுக்கள் பலரும் அதிசயப் பொருள்களைச் சேர்த்தார்கள். ஆனால் அந்தச் சேகரிப்புகள் சிதறின, இடம் மாறின, வேறு மாளிகைகளில் புதிதாக அடுக்கப்பட்டன. சேர்த்தவர் எந்தக் கட்டடத்தில் வைத்தாரோ அதே கட்டடத்தில் இன்றும் நின்று பார்க்கக்கூடியது அம்பிராஸ் மட்டும்தான். ஒரு பொருளைப் பார்க்க வியன்னா போகலாம். நானூறு ஆண்டுகளுக்கும் முன்னே ஒரு மனிதர் உலகத்தை எப்படி வகை பிரித்துப் பார்த்தார் என்று தெரிந்துகொள்ள அம்பிராஸ்தான் போக வேண்டும்.

அந்த மனிதரின் பெயர் இரண்டாம் ஃபெர்டினாண்ட். ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்துப் பேரரசரின் இரண்டாவது மகன், 1529இல் பிறந்தவர். இருபது ஆண்டுகள் பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டில்) தந்தையின் பிரதிநிதியாக இருந்துவிட்டு, 1567இல் டிரோலை ஆள இன்ஸ்புரூக் வந்தார். நகரத்துக்குத் தென்கிழக்கே குன்றின்மேல் இருந்த பழைய கோட்டையைப் புதுப்பித்து மாளிகையாக்கினார். அதை 1564லேயே தன் மனைவி ஃபிலிப்பைன் வெல்ஸர் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் கோட்டையில் நீங்கள் பார்ப்பதில் பாதி இந்தத் திருமணத்தோடு கட்டுண்டது.

ஃபிலிப்பைன் ஆக்ஸ்பர்க் நகரத்து வணிகர் குடும்பத்துப் பெண். பெரும் பணக்காரக் குடும்பம்தான், ஆனால் அரச குடும்பம் இல்லை. 1557இல் இருவரும் ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டார்கள். பேரரசருக்குத் தெரிந்தபோது கடும் கோபம். கடைசியில் மன்னித்தார், ஆனால் நிபந்தனையோடு: திருமணத்தை வெளியே சொல்லக்கூடாது, பிறக்கும் பிள்ளைகளுக்கு அரசுரிமை கிடையாது. அதனால் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளை, அப்போது பொஹீமியாவில் வாழ்ந்த கோட்டையின் வாசலில் யாரோ விட்டுப்போன குழந்தைகள் போலக் கிடத்தி, பிறகு ‘தத்தெடுத்து’ வளர்த்தார்கள். பெற்ற பிள்ளையை வாசலில் போட்டு எடுக்க வேண்டியிருந்த அந்தத் தாயை நினைத்துக்கொண்டு அம்பிராஸ் வாசலைத் தாண்டினால், உள்ளே பார்ப்பதெல்லாம் வேறு மாதிரித் தெரியும். போப்பாண்டவர் 1576இல்தான் அந்த ரகசிய உறுதிமொழியிலிருந்து அவர்களை விடுவித்தார். அடுத்த நான்கே ஆண்டில், 1580இல், ஃபிலிப்பைன் இறந்துபோனார்.

இப்போது உள்ளே போவோம். கீழ்க்கோட்டை, மேல்கோட்டை என்று இரண்டு பகுதி. கீழ்க்கோட்டையிலிருந்து தொடங்குங்கள். அதுதான் சேகரிப்புக்கென்றே ஃபெர்டினாண்ட் புதிதாகக் கட்டிய பகுதி.

முதலில் கவசக் கூடங்கள் வரும். இரும்புக் கவசங்களை வரிசையாகப் பார்த்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும், அது இயல்பு. அதனால் ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துப் பாருங்கள். ஃபெர்டினாண்டுக்கு அழகான கவசம் முக்கியமில்லை. புகழ்பெற்ற தளபதி போரில் உண்மையாகவே அணிந்த கவசம்தான் வேண்டும். அதற்காக ஐரோப்பா முழுவதும் கடிதம் எழுதினார்: நீங்கள் அணிந்த கவசத்தைத் தாருங்கள், கூடவே உங்கள் உருவப்படமும் வாழ்க்கைக் குறிப்பும் அனுப்புங்கள். தளபதி இறந்திருந்தால் வாரிசுகளுக்கு எழுதினார். இந்தக் கடிதப் போக்குவரத்தைக் கவனித்த செயலர் யாக்கோப் ஷ்ரெங்க், அந்த வீரர்களின் படங்களோடு 1601இல் லத்தீனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். படங்களோடு அச்சான முதல் அருங்காட்சியகப் பட்டியல் என்று அதைத்தான் சொல்வார்கள். பொருளோடு அதன் ஆவணத்தையும் சேர்த்து வாங்க வேண்டும் என்று 16ஆம் நூற்றாண்டிலேயே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு இந்தக் கோட்டையில் மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

உங்கள் மகனுக்குப் பிடிக்கப்போவது வேறு. பார்ட்ல்மே போன் என்ற மிக உயரமான மனிதருக்குச் செய்த கவசம் இங்கே இருக்கிறது. 1560இல் வியன்னாவில் நடந்த போட்டி விளையாட்டுகளில் கலந்துகொண்டவர் அவர். பையனை அதன் பக்கத்தில் நிற்க வையுங்கள், மிச்சத்தை அவனே பார்த்துக்கொள்வான்.

கவசங்களைத் தாண்டினால் கலைப்பொருள் அறை. ஜெர்மன் மொழியில் குன்ஸ்ட்கம்மர் என்பார்கள், அதிசய அறை என்றும் சொல்வதுண்டு. இங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஃபெர்டினாண்ட் காலத்தில் இந்த நீண்ட கூடத்தின் நடுவில் உயரமான 18 அலமாரிகள் முதுகோடு முதுகாக நின்றன. இரண்டு பக்கச் சன்னல்களிலிருந்தும் வெளிச்சம் விழும். எந்த நாட்டுப் பொருள், எந்தக் காலத்துப் பொருள் என்று அவர் பிரிக்கவில்லை. எதனால் செய்தது என்றுதான் பிரித்தார். பொன் ஓர் அலமாரி, வெள்ளி ஓர் அலமாரி. கல், இரும்பு, மரம், பவளம், கண்ணாடி, இறகு ஒவ்வொன்றும் தனித்தனி. இசைக் கருவிகளுக்கும் கடிகாரங்களுக்கும் தனி இடம் இருந்தது. எதிலும் சேராததற்கு ஒரு கலவை அலமாரி. அலமாரிகளின் உட்புறத்துக்கும் நிறம் தீட்டியிருந்தார்கள். பொன்னுக்கு நீலம், வெள்ளிக்குப் பச்சை என்று பொருள் எடுப்பாகத் தெரியும் நிறமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நம் ஊர் நகைக்கடையில் சங்கிலியை எந்த நிறத் துணிமேல் வைத்துக் காட்டுகிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள், அதே யோசனை. ஃபெர்டினாண்ட் 1595இல் இறந்த பிறகு, அடுத்த ஆண்டே ஒவ்வொரு அலமாரியிலும் என்ன இருந்தது என்று எழுதி வைத்துவிட்டார்கள். அந்தக் கணக்கு இருப்பதால்தான் இன்று மறுபடி அதே போல அடுக்க முடிந்திருக்கிறது.

அங்கே இருப்பதை எல்லாம் பார்க்க முயலாதீர்கள். நான் மூன்று நான்கு பொருள் சொல்கிறேன், அவற்றின் முன்னால் மட்டும் நின்று பாருங்கள்.

முதலாவது, பேரி மரத்தில் செதுக்கிய சின்ன மரண உருவம். ஒரு சாண் உயரம் இருக்கும். ஹான்ஸ் லைன்பெர்கர் என்ற சிற்பி 1520 வாக்கில் செய்தது. எலும்புக்கூடுதான், ஆனால் எலும்பின்மேல் தோல் அங்கங்கே கிழிந்து தொங்குகிறது. அந்தத் தோல் பட்டைகள் காய்ந்த வாழைச்சருகு போல ஓரத்தில் சுருண்டிருக்கின்றன. மரத்தை அவ்வளவு மெல்லியதாக இழைத்திருக்கிறார், உடையாமல் எப்படி நின்றது என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். உருவம் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை, ஓர் அடி எடுத்து வைக்கிறது. கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வந்து முதுகுப்பக்கமும் பாருங்கள். விலா எலும்புகளுக்கு நடுவே வெளிச்சம் ஊடுருவி வரும்.

இரண்டாவது, மான்கொம்பை விழுங்கிய மரம். ஒரு மானின் கொம்பு மரத்தோடு சிக்கியிருக்கிறது. மரம் அதைத் தள்ளவில்லை, ஆண்டுக்கணக்கில் அதைச் சுற்றி வளர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் கொம்புக் கிளைகள் நீட்டிக்கொண்டிருக்க, நடுவில் அடிமரம். கொம்பு மரத்துக்குள் நுழையும் இடத்தில் பட்டை தடித்து, ஆறிய புண் உதடு கட்டியது போல மடிந்திருக்கும். மனிதக் கை படாத ஒன்றை, பொற்கொல்லரின் வேலைக்குச் சமமாக மதித்து அதே கூடத்தில் வைத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

அப்புறம் பவளம். கடலிலிருந்து எடுத்த பவளக் கிளைகளை அதிகம் செதுக்காமல் மலையாகவும் மரமாகவும் நிறுத்தி, நடுவில் சின்னஞ்சிறு மனித உருவங்களை வைத்திருப்பார்கள். ஆட்டுப் பெட்டிகளையும் மகனுக்குக் காட்டுங்கள். மூடியிட்ட சின்னப் பெட்டிக்குள் பாசி, சிப்பி, குட்டி ஆமை, தேள். அந்தக் காலத்தில் பெட்டியைக் கையில் எடுத்து ஆட்டுவார்கள், உள்ளே உயிர்கள் கால் உதறும். இப்போது யாரும் ஆட்ட முடியாது என்பது வருத்தம்தான்.

இரும்பு நாற்காலி ஒன்றும் இருக்கிறது. விருந்தாளி உட்கார்ந்ததும் கம்பிகள் பாய்ந்து அவரைப் பிடித்துக்கொள்ளும். கோட்டைத் தோட்டத்தில் மது தெய்வத்தின் பெயரால் ஒரு குகை இருந்தது. அங்கே நடந்த சடங்கு இது. ஆண்களுக்குப் பீப்பாய் வடிவக் கண்ணாடிக் குடுவை, பெண்களுக்குக் கப்பல் வடிவக் குடுவை. அதில் ஊற்றிய மதுவை ஒரே மூச்சில் குடித்தால்தான் பெயர் எழுதும் உரிமை. அப்படிக் குடித்தவர்கள் கையெழுத்திட்ட புத்தகங்கள் இன்னும் இருக்கின்றன.

இனி, கொஞ்சம் கனமான விஷயம். இந்த அறையில் பொருள்களோடு மனிதர்களும் காட்சிக்கு இருக்கிறார்கள், ஓவியங்களாக. பெட்ரஸ் கொன்சால்வஸ் என்பவர் டெனெரிஃப் தீவில் பிறந்தவர். முகமும் உடலும் முழுவதும் முடி வளரும் அரிய பிறவிநிலை அவருக்கு. சிறுவனாக இருந்தபோதே பிரான்ஸ் மன்னருக்குப் பரிசுப் பொருளாகக் கொண்டுபோகப்பட்டார். அங்கே லத்தீன் படித்தார், திருமணம் செய்துகொண்டார், சில பிள்ளைகளுக்கும் அதே நிலை வந்தது. அம்பிராஸில் அவர், மனைவி, மகள், மகன் நால்வருக்கும் தனித்தனிப் படம் இருக்கிறது. உயர்ந்த அரசவை உடையில் நிற்கிறார்கள். ஆனால் பின்னணியில் ஓவியர் வரைந்திருப்பது பாறைக் குகை. படித்த மனிதரை அரண்மனை உடையில் நிறுத்திவிட்டு, இவர் காட்டைச் சேர்ந்தவர் என்று பின்னால் எழுதுவது போல இருக்கிறது அந்தக் குகை. மருத்துவர்கள் பிற்காலத்தில் இந்த நிலைக்கு அம்பிராஸ் நோய்க்குறி என்று பெயர் வைத்தார்கள், இந்த ஓவியங்களை வைத்துத்தான்.

இன்னொரு படத்தில், கைகால் சூம்பிய ஒரு மனிதர் ஆடையின்றிக் குப்புறப் படுத்திருக்கிறார். தலையில் சிவப்புத் தொப்பி, கழுத்தில் பிரபுக்கள் அணியும் மடிப்புக் காலர். முன்பு அவர் உடலை மறைத்து ஒரு சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. பார்ப்பவர் அதைத் தூக்கிப் பார்க்க வேண்டும். வேடிக்கை பார்ப்பதற்கென்றே செய்த ஏற்பாடு அது. இப்போது தாள் இல்லை. அவர் நேராக நம் கண்ணைப் பார்க்கிறார்.

பத்து வயதுப் பையனை இங்கே கூட்டிப்போகலாமா என்று யோசிப்பீர்கள். கூட்டிப்போங்கள் என்பது என் கருத்து. ஆனால் ‘விசித்திரம்’ என்று சொல்லிக் காட்டாதீர்கள். இவர் பெயர் பெட்ரஸ், இந்தச் சின்னப் பெண் மத்தலேனா, இவர்களை இப்படிப் படம் வரையச் சொன்னது யார் என்று தொடங்குங்கள். குழந்தைகள் நாம் நினைப்பதைவிடச் சரியாகப் புரிந்துகொள்வார்கள்.

மேல்கோட்டைக்கு ஏறினால் முதலில் முற்றம். நான்கு பக்கச் சுவரும் முழுக்க ஓவியம், ஆனால் வண்ணம் இல்லை. சாம்பலும் வெள்ளையும் கலந்து, கல்லில் செதுக்கியது போலத் தோன்றும்படி 1560களில் தீட்டியவை. நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள், போதும்.

உள்ளே ஃபிலிப்பைனின் குளியலறை இருக்கிறது. அந்தக் காலத்துத் தனிக் குளியலறை இவ்வளவு முழுமையாக மிஞ்சியிருப்பது அபூர்வம். தொட்டி தரைக்குள் இறக்கியது, உலோகத் தகடு வேய்ந்தது. நின்றால் மார்பளவு தண்ணீர் வரும் ஆழம். பக்கத்தில் ஓய்வெடுக்கும் அறை. ஃபிலிப்பைன் மூலிகை மருத்துவத்தில் கைதேர்ந்தவர், அவர் வைத்திருந்த சமையல் குறிப்பு நூலும் மருந்துக் குறிப்பு நூலும் இன்றும் உள்ளன. அவர் சிவப்பு மது அருந்தினால் கழுத்துத் தோல் வழியே அது இறங்குவது தெரியும் என்று டிரோலில் ஒரு கதை சொல்வார்கள், அவ்வளவு வெளுப்பாம். எனக்கு அந்தக் கதையைவிட இந்தத் தொட்டி பிடிக்கும். ஊரறியச் சொல்ல முடியாத மனைவிக்கு, அவருடைய சொந்த வீட்டில் அவருக்கென்று கட்டிய அறை அது.

மேல்மாடிகளில் ஹாப்ஸ்பர்க் குடும்பத்தாரின் உருவப்படங்கள் இருநூறுக்கும் மேல். குடும்பக் கதை தெரியாதவர்களுக்கு இது சீக்கிரம் அலுத்துவிடும். அம்மாவுக்குக் கால் வலித்தால் இதை விட்டுவிடுங்கள், நஷ்டம் இல்லை. இரு கோட்டைகளுக்கும் நடுவில் இருக்கும் ஸ்பானிய மண்டபத்தை மட்டும் விடாதீர்கள். 1569 முதல் 1572 வரை கட்டியது, 43 மீட்டர் நீளம். ஒரு பக்கம் முழுக்க சன்னல், எதிர்ச்சுவரில் டிரோலை ஆண்ட 27 பேரின் முழு உருவ ஓவியங்கள். மேலே மரத்தில் பதிப்பு வேலை செய்த கூரை. கோடையில் இங்கே பழைய இசைக் கச்சேரிகள் நடக்கும். அன்று கச்சேரி இருந்தால் ஒத்திகை நேரத்தில் மண்டபத்தை மூடியிருக்கக்கூடும், அதனால் உள்ளே நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

போகும் வழி பற்றி. மியூனிக்கிலிருந்து இன்ஸ்புரூக் ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். நகரத்திலிருந்து கோட்டைக்குப் பேருந்தும், காட்டுக்குள் ஏறும் ஆறாம் எண் ட்ராமும் உண்டு. ட்ராம் அடிக்கடி வராது, திரும்பும் நேரத்தையும் முன்பே பார்த்து வையுங்கள். கோட்டை காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5க்கு மூடும், நவம்பர் மாதம் மட்டும் முழுவதும் மூடியிருக்கும். பத்தொன்பது வயது ஆகாதவர்களுக்குக் கட்டணம் இல்லை, மகனுக்குச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. கோட்டைக்குள் மூன்று மணி நேரம் வையுங்கள். மேல்கோட்டையில் படிகள் நிறைய, முற்றங்களில் கரடுமுரடான கல்தரை. அம்மாவுக்குப் பட்டை வைத்துக் கட்டும் செருப்போ ஷூவோ நல்லது. வெளியே பூங்காவில் பெஞ்சுகள் இருக்கின்றன, மயில்கள் உலவும். எதிரே ஆல்ப்ஸ் மலைத்தொடர். கையில் கட்டிய சாப்பாட்டை அங்கே பிரித்து உட்கார்ந்தால் அம்மாவுக்கு நிம்மதியாக இருக்கும்.

மியூனிக்கில் இருக்கும்போது அரண்மனைக் கருவூலத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். இலங்கையின் கோட்டே அரசிலிருந்து 1540களில் போர்ச்சுகல் அரசவைக்குப் போன தந்தப் பெட்டிகள் அங்கே இருக்கின்றன. பொன்னும் மாணிக்கமும் நீலமும் பதித்தவை. அவற்றை வாங்கி வைத்த பவேரியப் பிரபு ஐந்தாம் ஆல்ப்ரெக்ட், ஃபெர்டினாண்டின் அக்காள் கணவர். மைத்துனர்கள் இருவருமே சேர்ப்பதில் தீவிரமானவர்கள்.

கடைசியாக, காலையிலேயே அம்பிராஸை முடித்துவிட்டால் மூன்று மணிக்குள் நகரத்துக்கு இறங்கிவிடலாம். அரசவைத் தேவாலயத்துக்குப் போங்கள். கூட்டம் முழுவதும் கீழே இருக்கும் பெரிய வெண்கலச் சிலைகளைச் சுற்றி நிற்கும். நீங்கள் படியேறி வெள்ளிச் சிற்றாலயத்துக்குப் போங்கள். ஃபிலிப்பைன் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பளிங்கில் கைகூப்பிப் படுத்திருக்கும் உருவம், அலெக்சாண்டர் கோலின் செதுக்கியது. ஃபெர்டினாண்டின் கல்லறையும் அதே ஆலயத்துக்குள் இருக்கிறது. தலையைத் தூக்கிச் சுவரைப் பாருங்கள். ஊர் ஊராகக் கடிதம் எழுதிப் பிறர் கவசங்களைச் சேர்த்தவரின் சொந்தக் கவசம் அங்கே ஒரு தாங்கியின்மேல், பீடத்தை நோக்கி மண்டியிட்டிருக்கிறது.